நரம்பில் வியாதியா? நெஞ்சில் பயமா?

வேதபாடம்

வாசிக்க வேண்டிய பகுதிகள்: நியாயாதிபதிகள் 6:36-40, 1 இராஜாக்கள் 19:1-8, 2 இராஜாக்கள் 20:1-7



நான் பிரசங்கி அல்ல. அரசு மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அங்கேயும் என்னை "சிஸ்டர்" என்றார்கள், சபையிலும் "சிஸ்டர்" என்கிறார்கள். அந்த உரிமையில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அநேகர் என்னை ஓரமாய் அழைத்துக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு.

"சிஸ்டர், விரல் மரத்துப் போகுது. நரம்பு செத்துப் போச்சா?"

"கெண்டைக்கால் சதை தானா துடிக்குது சிஸ்டர். போன்ல பார்த்தேன், என்னென்னமோ போட்டிருக்கு. தூக்கமே வரலை."

ஜெபக் குறிப்புச் சீட்டிலும் "நரம்பு வியாதி நீங்க" என்று எழுதியிருக்கும். விசாரித்தால் பல சமயம் டாக்டர் "ஒன்றுமில்லை" என்று சொல்லியிருப்பார். ஆனால் பயம் மட்டும் போயிருக்காது. ஆகவே இந்த மாதம் இதையே பாடமாகப் படிப்போம்.

1. சரீரம் பேசுவது பொய் அல்ல

முதலாவது இதைக் கவனியுங்கள். இப்படிக் கஷ்டப்படுகிறவர்கள் நடிக்கவில்லை. மரத்துப் போவது நிஜம், துடிப்பது நிஜம். அதற்கு நாம் வைக்கிற பேர்தான் பெரும்பாலும் தவறு.

பூட்டுப் பட்டறையில் நாள் முழுவதும் அரம் பிடிக்கிறவருக்கும், தறியில் உட்காருகிறவருக்கும், மாவு பிசைந்து துணி பிழிகிற தாய்மாருக்கும் மணிக்கட்டில் ஓடும் நரம்பு அழுத்தப்படலாம். அப்போது பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரக்கும். ராத்திரியில் விழித்துக் கையை உதறினால் கொஞ்சம் சுகமாயிருக்கும். சுண்டு விரல் பக்கம் மரத்தால் முழங்கையில் நரம்பு அழுந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

பாதம் எரிந்தால், மரத்தால், முதலில் சர்க்கரையைச் சோதியுங்கள். பி-12 என்ற வைட்டமின் குறைந்தாலும் இப்படி ஆகும். மீன், முட்டை, பால் அதிகம் சேர்க்காதவர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை பல வருஷம் சாப்பிடுகிறவர்களுக்கும் அது குறையலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மருந்தும் உண்டு.

சதைத் துடிப்போ பெரும்பாலும் அசதியில் வருவது. வேடசந்தூர் பக்கம் மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்த்து, தூக்கத்துக்குப் பதில் நாலு டீ குடிக்கிற வாலிபனுக்குக் கண் இமையும் கெண்டைக்காலும் துடித்தால் ஆச்சரியமில்லை.

இன்னொன்று, பயமே மரக்க வைக்கும். பயந்தவர் தன்னை அறியாமல் வேகமாக மூச்சு வாங்குகிறார். அதனால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. உடனே விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் ஊசி குத்துவதுபோல ஆகும். "ஐயோ, வந்துவிட்டது" என்று இன்னும் பயப்படுவார், மூச்சு இன்னும் வேகமாகும், மரப்பு இன்னும் கூடும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்?

2. பேர்கள் தருகிற பயம்

நம் ஊர்ச் சுவர்களில் "நரம்புத் தளர்ச்சி" என்ற விளம்பரத்தைப் பார்க்காதவர் யார்? மாதம் ஒரு நாள் லாட்ஜில் வந்து தங்கிப் பார்க்கிற வைத்தியர்களின் நோட்டீசிலும் அது இருக்கும். இந்த மாதிரிப் பேர் மேல்நாட்டிலும் இருந்தது. 1869-ல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பியர்ட், அசதி, தலைவலி, பயம் எல்லாவற்றையும் சேர்த்து நரம்பின் பெலவீனம் என்று எழுதினார். நூறு வருஷத்துக்கு மேல் அந்தப் பேர் நடமாடியது. உலக சுகாதார நிறுவனத்தின் வியாதிப் பட்டியலில் 2022-ல் நடைமுறைக்கு வந்த 11-ம் பதிப்பில் அது தனி வியாதியாக இல்லை. ஆனால் சுவரில் இன்னும் இருக்கிறது. அதை வாசித்துப் பயந்து, பொட்டலம் பொட்டலமாய் மருந்து வாங்கிக் கடன்பட்ட குடும்பங்களை நான் அறிவேன்.

இப்போது போனில் வேறொரு பேர் வாலிபரைப் பயமுறுத்துகிறது. தசையை இயக்குகிற நரம்பணுக்கள் அழிகிற வியாதி அது. உண்மையான வியாதிதான். அதில் ஒரு வகைக்கு நம் தலைநகரின் பேரே உண்டு. 1970-ல் மெட்ராஸ் மருத்துவர்கள் மீனாட்சிசுந்தரமும் அவரோடிருந்தவர்களும் இளவயதினரிடம் கண்டு எழுதியதால், உலக மருத்துவ நூல்களில் அதை மெட்ராஸ் வகை என்றே சொல்கிறார்கள். கை கால் மெலியும், பலருக்குக் காது கேளாமலும் போகும். ஆனாலும் மற்ற வகைகளைவிட மெதுவாகவே போகும்.

ஆனால் இந்த வியாதி எந்த வகையானாலும் அபூர்வம். அதில் முக்கியமாய்க் குறைவது பெலன். சட்டைப் பித்தான் போட முடியாது, கால் தடுக்கும், கையின் சதை வற்றும், பேச்சு குழறும். அதுவும் நாளுக்கு நாள் கூடும். மரப்பும் ஊசி குத்துவதும் அதன் அடையாளம் அல்ல. பெலன் குறையாமல் சதை மட்டும் அங்கும் இங்கும் துடித்து, டாக்டரும் பரிசோதித்து நன்றாயிருக்கிறது என்றால், அதை நம்பலாம்.

3. அடிக்காத மணியும் ஓயாத மணியும்

மரத்துப் போவதற்கு நம் முன்னோர் பயந்ததில் நியாயம் இருந்தது. அவர்கள் நாளில் அது குஷ்டரோகத்தை நினைப்பூட்டியது. 1914-ல் நம் கொல்லிமலையில் மிஷனெரி பெற்றோருக்குப் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்த நோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்தியவர். விரல்கள் குறைந்துபோவது தசை அழுகுவதால் அல்ல, வலி தெரியாததால் என்று அவர் கண்டார். சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும் தெரியாது, காலில் ஆணி ஏறினாலும் தெரியாது. காயத்தின்மேல் காயம் பட்டே விரல் போகிறது. ஆகவே வலி என்பது தேவன் சரீரத்தில் கட்டி வைத்த எச்சரிப்பு மணி என்று அவர் போதித்தார்.

அவருடைய நோயாளிகளுக்கு அந்த மணி அடிக்கவில்லை. பயத்தில் வாடுகிற நம்முடைய ஜனங்களுக்கோ அது ஓயாமல் அடிக்கிறது. மணி கெட்டது அல்ல. காற்று அசைந்தாலும் அடிக்கிறதே, அதுதான் உபத்திரவம்.

(தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருந்து, அதில் தொடு உணர்வு இல்லாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். மருந்து இலவசம். 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் குணமாகும். வெட்கப்பட வேண்டாம்.)

4. கிதியோன் மூன்றாம் முறை கேட்கவில்லை

நியாயாதிபதிகள் 6-ம் அதிகாரத்தில் கிதியோன் ஓர் ஆட்டுத் தோலைக் களத்திலே போடுகிறான். தோல் ஷாப்புகளுக்குப் பேர்போன நம் ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை. தோல் மட்டும் நனைந்து தரை காய்ந்திருக்கட்டும் என்றான், அப்படியே ஆயிற்று. மறுநாள் தோல் காய்ந்து தரை நனையட்டும் என்றான், அதுவும் ஆயிற்று. கர்த்தர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. பயந்தவனுக்குப் பொறுமையாகப் பதில் கொடுத்தார். ஆனால் கிதியோன் மூன்றாம் நாளும் தோலை எடுத்துக்கொண்டு வரவில்லை. எழுந்து தன் வேலைக்குப் போனான்.

பிரியமானவர்களே, நம்மில் சிலர் தினமும் தோலை விரித்துக்கொண்டே இருக்கிறோம். ஒரு சகோதரன் ஒரே வருஷத்தில் மூன்று ஸ்கேன் எடுத்தார். மூன்றும் நன்றாகவே இருந்தன. மூன்றாவது ஸ்கேனுக்கு மகளுடைய கம்மல் அடகுக் கடைக்குப் போனது. ரிப்போர்ட் கையில் வந்ததும் இரண்டு நாள் சமாதானம். மூன்றாம் நாள், "ஒருவேளை அவங்க பார்க்காம விட்டுட்டாங்களோ?"

இதைப் பற்றி 1990-ல் இங்கிலாந்தின் வார்விக், சால்கோவ்ஸ்கிஸ் என்ற இருவர் எழுதினார்கள். உடம்பைத் திரும்பத் திரும்பச் சோதிப்பதும், மற்றவரிடம் திரும்பத் திரும்ப ஆறுதல் கேட்பதுமே பயத்தை வளர்க்கிறது என்றார்கள். சொறியச் சொறிய அரிப்பு கூடுகிறதல்லவா, அதுபோல. மனநல மருத்துவர்கள் இதற்கு வியாதி குறித்த மிகுந்த பயம் என்றே பேர் வைத்து, பேச்சு மூலமும் தேவையானால் மருந்து மூலமும் சுகப்படுத்துகிறார்கள்.

ஆகவே நான் சொல்லுகிற ஆலோசனை இதுதான். ஒருமுறை சரியாகக் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் இன்னொரு டாக்டரிடம் இரண்டாம் கருத்தும் கேளுங்கள். கிதியோனுக்கு இரண்டு கிடைத்ததே. இரண்டு பேரும் ஒன்றையே சொன்னால் அந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளுங்கள். புதிதாக ஏதாவது வந்தாலொழிய மறுபடி தோலை விரிக்காதிருங்கள். கையைக் கிள்ளிப் பார்ப்பது, நாக்கைக் கண்ணாடியில் பார்ப்பது, போனில் தேடுவது, இவைகளை முதலில் ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள், பிறகு ஒரு நாள். முதல் வாரம் கஷ்டமாயிருக்கும். பின்பு பயம் தானாய்த் தணிவதைக் காண்பீர்கள்.

5. எலியாவுக்குத் தூதன் கொடுத்தது

அக்கினியை இறக்கிய எலியா ஒரு மிரட்டலுக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழ் சாகக் கேட்டான். தூதன் அவனுக்கு முதலாவது பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டு, எழுப்பி, அப்பமும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் தூக்கம், மறுபடியும் போஜனம். அதற்குப் பிறகே நீண்ட பயணம்.

பயந்தவருக்கு இதுவே ஒழுங்கு. ஏழு மணி நேரமாவது தூக்கம், வேளைக்குச் சாப்பாடு, மாலையில் அரை மணி நடை. மரப்பு வந்து நெஞ்சு படபடத்தால் மூச்சை மெதுவாய் இழுத்து, அதைவிட மெதுவாய் விடுங்கள். பத்து நிமிஷத்தில் அநேகமாய் அடங்கும்.

6. ஜெபமும் அத்திப்பழமும்

எசேக்கியா அழுது ஜெபித்தான், கர்த்தர் பதினைந்து வருஷம் கூட்டிக் கொடுத்தார். அதே அதிகாரத்தில், அதே ஏசாயா, அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் போடச் சொன்னார். ஜெபம் கேட்கப்பட்டது, மருந்தும் வைக்கப்பட்டது. ஒன்றுக்கொன்று விரோதமல்ல. வலிப்பு மாத்திரையையோ சர்க்கரை மாத்திரையையோ ஜெபித்த நாளிலேயே நிறுத்தாதீர்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

பயம் தனியாய் அடங்காவிட்டால் உதவி கேட்பது அவிசுவாசம் அல்ல. 2022-ல் திறக்கப்பட்ட திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். அதே ஆண்டு தொடங்கிய 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

வீட்டார்க்கும் ஒரு வார்த்தை. "உனக்கு விசுவாசம் இல்லை", "இது பிசாசு" என்று சொல்லிப் புண்ணில் புளி கரைக்காதிருங்கள். "சும்மா நினைப்பு" என்று தள்ளாதிருங்கள். அதே சமயம் மணிக்கு ஒருதரம் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டும் இராதிருங்கள். "பயமா இருக்குல்ல, வா, கொஞ்சம் நடந்துட்டு வருவோம்" என்று கையைப் பிடியுங்கள்.

7. தாமதிக்கக் கூடாதவை

பயப்பட வேண்டாம் என்று எல்லாவற்றையும் அசட்டை பண்ணவும் கூடாது. திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை அல்லது கால் விழுதல், பேச்சு குழறுதல், இவை பக்கவாதத்தின் அடையாளம். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டு ஜெபியுங்கள், வீட்டில் உட்கார்ந்து அல்ல. இரண்டு காலும் பெலனிழந்து மேலே ஏறிவருதல், சிறுநீர் அடக்க முடியாமல் அல்லது போகாமல் இருத்தல், முதன்முறை வலிப்பு, இவைகளுக்கும் அன்றைக்கே மருத்துவமனை.

குடும்ப ஜெபத்தில் கலந்து பேச:

1. டாக்டர் சொன்ன எந்தப் பதிலை நான் இன்னும் ஏற்றுக்கொள்ளாமல் இருக்கிறேன்?
2. ஒரு நாளில் எத்தனை முறை என் சரீரத்தைச் சோதிக்கிறேன்?
3. எலியாவுக்குக் கிடைத்த தூக்கமும் உணவும் நம் வீட்டில் யாருக்குக் கிடைக்கவில்லை?
4. நம் சபையில் இப்படிப் பயந்திருக்கிற யாரை இந்த வாரம் சந்திக்கலாம்?

நம்மை உருவாக்கினவர் நம்முடைய நரம்புகளையும் அறிவார், அவைகளைப் பற்றிய நம்முடைய பயத்தையும் அறிவார். அவருடைய சமாதானம் உங்கள் இருதயங்களைக் காப்பதாக. ஆமென்.