சுருளும் சுவடியும்

நுழையும்முன்

ஏட்டுச்சுவடிகளைத் தேடிப் பதிப்பித்தவர்களின் வரலாற்றைத் தமிழ் மாணவர் அறிவர். திரைப்படச் சுருள்களுக்கும் அத்தகைய வரலாறு ஒன்று உண்டு. அது நம் காலத்திலேயே நடந்துகொண்டிருக்கிறது. பழைய, பரவலாக அறியப்படாத தமிழ்ப்படங்களை இன்று வீட்டிலிருந்தபடியே உயர்தெளிவுத் திரையில் காண முடிகிறது. அத்தெளிவு எங்கிருந்து வருகிறது? எல்லாப் படங்களுக்கும் அது ஏன் வாய்ப்பதில்லை? இவ்வினாக்களைத் தொடர்ந்து செல்கிறது இப்பாடம்.

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய தென்சென்னைப் புறநகர்ப் பகுதிகளில் 1980களின் பிற்பகுதியில் ஒரு குடும்பம் பழைய படமொன்றைத் தான் விரும்பிய நாளில் வீட்டில் பார்க்க வேண்டுமாயின், தெருமுனையிலிருந்த வீடியோ கடைக்குச் சென்று ‘டெக்’கையும் காசெட்டுகளையும் ஒருநாள் வாடகைக்கு எடுத்துவர வேண்டும். வாடகை வீணாகாதபடி ஒரே இரவில் மூன்று படங்கள் ஓடும். அண்டை வீட்டாரும் வந்து அமர்வர். திரையில் தெரிந்தவை என்னவோ குறைவுதான். முகங்கள் வெளுத்திருக்கும், இரவுக்காட்சி முழுவதும் இருட்டாக இருக்கும், காசெட் தேய்ந்திருந்தால் திரையின் குறுக்கே கோடுகள் ஓடும். எவரும் குறை கூறியதில்லை. பழைய படம் மங்கலாகத்தான் இருக்கும் என்று அனைவரும் நம்பினர்.

அந்த நம்பிக்கை பிழையானது. வெளியான நாளில் எந்தப் படமும் மங்கலாக இருந்ததில்லை. 35 மில்லிமீட்டர் சுருளில், நல்ல வில்லையைக் கொண்டு, தேர்ந்த ஒளிப்பதிவாளர் பதிவுசெய்த காட்சியில் நுண்மைக்குக் குறைவே இல்லை. மங்கல் படத்தினுடையது அன்று, படியினுடையது. படப்பிடிப்பின்போது ஒளிப்பதிவுக் கருவிக்குள் ஓடியது மூல நெகட்டிவ். அதிலிருந்து இடைநிலைப் படிவம், அதிலிருந்து படி நெகட்டிவ், அதிலிருந்து திரையரங்குப் படி, ஊர் ஊராய் ஓடித் தேய்ந்த அப்படியிலிருந்து வீடியோ, அந்த வீடியோவிலிருந்து வாடகைக் காசெட் எனப் படியெடுக்குந்தோறும் சிறிது சிறிதாகச் செய்தி உதிர்ந்தது. ஏடு பெயர்த்தெழுதியோர் கைதவறி விட்ட எழுத்துகளைப் போன்றதே இதுவும். கடைசிப் படியை மட்டும் கண்டவர், மூலநூலே பிழை மலிந்தது என்று எண்ணிவிடுவார்.

1990களில் விசிடியும் பின்னர் டிவிடியும் வந்தன. 2007ஆம் ஆண்டை ஒட்டி மோசர்பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியபோது பழைய தமிழ்ப்படங்கள் வீட்டு அலமாரிக்கே வந்துசேர்ந்தன. கையில் கிடைப்பது எளிதாயிற்று. கண்ணுக்குத் தெரிவது பெரிதும் மாறவில்லை. அகலத் தொலைக்காட்சியும் புளூரே வட்டும் இணையவழி ஒளிபரப்பும் பரவிய பின்னரே வீட்டுத் திரையில் சுருளின் நுண்மை தெரியலாயிற்று.

தெரிந்து தெளிவோம்

வீட்டுத் திரையில் படம் சிறு புள்ளிகளால் ஆனது. விசிடியில் ஒரு சட்டகத்துக்குக் குறுக்கே 352, நெடுக்கே 288 புள்ளிகள். மொத்தம் ஏறத்தாழ ஒரு இலட்சம். டிவிடியில் 720, 576. ஏறத்தாழ நான்கு இலட்சம். புளூரேயில் 1920, 1080. ஏறத்தாழ இருபது இலட்சத்து எழுபதாயிரம். ‘4கே’ திரையில் 3840, 2160. ஏறத்தாழ எண்பத்து மூன்று இலட்சம். சுருளில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள். இரண்டரை மணிநேரப் படத்தில் 2,16,000 சட்டகங்கள் உள்ளன.

இந்த எண்ணிக்கையால் கதை விளங்குவதில் மாற்றம் நேருமா என்று கேட்கலாம். ‘அந்த நாள்’ படத்தைக் கொண்டு இதற்கு விடை காண்போம். ஏ.வி.எம். நிறுவனத்துக்காக வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர் இயக்கிய இப்படம் 1954ஆம் ஆண்டு வெளியானது. படத்துக்குப் படம் பத்துப்பன்னிரண்டு பாடல்கள் இருந்த காலத்தில் ஒரு பாடல்கூட இல்லாமல் எடுக்கப்பட்டது. 1943ஆம் ஆண்டு சென்னையில் குண்டு விழுந்த நாளையொட்டி, வானொலிப் பொறியாளர் ராஜன் கொல்லப்படுகிறான். கொன்றவர் யார் என்னும் வினாவுக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்கின்றனர். சிவாஜி கணேசனும் பண்டரிபாயும் நடித்த இப்படத்தில் பாடலின் இடத்தை நிழல் எடுத்துக்கொண்டது எனலாம். முகத்தின் ஒரு பாதி ஒளியிலும் மறுபாதி இருளிலும் இருக்கும். பேசுபவரை எவ்வளவு நம்பலாம் என்பதை அந்த இருளே ஐயுறச் செய்யும். மங்கலான படியில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையிலுள்ள சாம்பல் நிறங்கள் அனைத்தும் ஒன்றாகக் குழைந்துவிடும். எஞ்சுவது உரையாடல் மட்டுமே. அதைக் கேட்டுவிட்டுப் படம் பார்த்ததாக எண்ணுவது, செய்யுளைப் படிக்காமல் பொழிப்புரையை மட்டும் படித்ததற்கு நிகராகும்.

ஆகவே, நல்ல படி வேண்டும். அது எவ்வாறு உருவாகிறது? முதலில் கிடைக்கின்ற சுருள்களையெல்லாம் திரட்டி, எது மூலத்துக்கு நெருக்கமானது என்று கண்டறிகின்றனர். கிழிந்த துளைகளையும் விட்டுப்போன ஒட்டுகளையும் கையால் சீர்செய்து, கழுவி, சட்டகம் சட்டகமாக வருடிக் கணினியில் ஏற்றுகின்றனர். அதன்பின் கீறல், தூசி, நடுக்கம் ஆகியவற்றை நீக்கி வண்ணத்தைச் சரிசெய்கின்றனர். ஒரு சுருளில் சிதைந்த பகுதியை மற்றொரு சுருளிலிருந்து எடுத்து நிரப்புவதும் உண்டு. உ.வே. சாமிநாதர் சீவக சிந்தாமணிக்காகப் பல ஊர்ச்சுவடிகளை அருகருகே வைத்து ஒப்புநோக்கினார் அல்லவா? 1887ஆம் ஆண்டு வெளிவந்த அப்பதிப்பின் முறைமைதான் இங்கும் நிகழ்கிறது. பதிப்பாசிரியருக்குரிய கட்டுப்பாடும் இங்கு வேண்டும்.

அக்கட்டுப்பாடு எளிதில் மீறப்படுகிறது. பழைய படங்களின் சட்டகம் ஏறத்தாழ சதுரப்பாங்கானது. இன்றைய திரை அகலமானது. திரை முழுவதையும் நிரப்ப வேண்டும் என்னும் ஆசையில் சிலர் படத்தின் மேற்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் வெட்டுகின்றனர். சிலர் பக்கவாட்டில் இழுத்து முகங்களைத் தட்டையாக்குகின்றனர். பி.ஆர். பந்துலு 1964ஆம் ஆண்டு உருவாக்கிய ‘கர்ணன்’ 2012ஆம் ஆண்டு புதுப்பிக்கப்பட்டு, அகலத்திரைக்கு மாற்றப்பட்டுத் திரையரங்குகளில் வெளியாயிற்று. நூறு நாள்களுக்கும் மேலாக ஓடியது. பழைய படத்தைக் காணப் புதிய தலைமுறை வரும் என்பதை வணிக உலகுக்குக் காட்டியது அவ்வெற்றியே. அந்நன்றியை மறக்கலாகாது. எனினும், ஒளிப்பதிவாளர் அமைத்த சட்டகத்தை மாற்றாமல் தரும் படியையே மாணவர் நாட வேண்டும் என்பது இப்பாடத்தின் கருத்து. தொலைக்காட்சியில் பழைய படத்தைக் காணும்போது இரு பக்கங்களிலும் கறுப்புப் பட்டைகள் தெரிந்தால், தொலைவியக்கியை எடுத்து அவற்றை நீக்க முற்பட வேண்டா. பட்டை இருப்பின் பெரும்பாலும் படம் முழுமையாக இருக்கிறது என்றே பொருள்.

மற்றொரு மீறல் அண்மைக்காலத்தது. மங்கலான படியொன்றைக் கணினிக்குக் கொடுத்தால், இல்லாத நுண்மைகளை அதுவே ஊகித்து வரைந்து தருகிறது. தோலின் சுருக்கம் மறைந்து முகம் மெழுகுபோல் வழவழப்பாகிறது. தொலைவிலுள்ள மனிதருக்குப் புதிய கண்ணும் மூக்கும் முளைக்கின்றன. பார்வைக்குத் தெளிவாக இருக்கும். ஆனால் அங்கே தெரிவது நடிகரின் முகம் அன்று. தமிழில் இதற்குப் பெயர் உண்டு: இடைச்செருகல். பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிடைக்கவில்லை. 1904ஆம் ஆண்டு அந்நூலைப் பதிப்பித்த சாமிநாதர் கிடைத்த எட்டுப் பத்துகளையே அச்சிட்டார். இருபது பாடல்களை எவரையேனும் எழுதச்செய்து எண்ணிக்கையை நிரப்பவில்லை.

மூல நெகட்டிவ் சிதைந்தாலும் முறையாக முயன்றால் மீட்கலாம் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. சத்யஜித் ராயின் அபு முப்படங்களின் நெகட்டிவ்கள் 1993ஆம் ஆண்டு இலண்டனில் நேர்ந்த தீவிபத்தில் கருகின. எஞ்சிய பகுதிகளைப் பக்குவப்படுத்தியும் பிற சுருள்களால் நிரப்பியும் 2015ஆம் ஆண்டு அவை மீண்டும் திரைக்கு வந்தன. இத்தொழில்நுட்பம் நமக்குத் தொலைவில் இல்லை. ஜி. அரவிந்தன் 1978ஆம் ஆண்டு இயக்கிய ‘தம்பு’ என்னும் மலையாளப்படம், ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் அமைப்பின் முயற்சியால் புதுப்பிக்கப்பட்டு 2022ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. அப்பணியின் ஒரு பகுதி இத்தாலியிலும் மற்றொரு பகுதி சென்னையிலுள்ள பிரசாத் நிறுவனத்திலும் நடைபெற்றது. சென்னைக்குத் திறன் உண்டு. வருடுவதற்குச் சுருள் இருக்க வேண்டும் என்பதே சிக்கல்.

சுருள் ஏன் இல்லாமற்போனது? தொடக்ககாலச் சுருள்கள் எளிதில் தீப்பற்றக்கூடிய நைட்ரேட்டால் ஆனவை. பின்னர் வந்த அசிடேட் சுருள்கள் எளிதில் தீப்பற்றா. ஆனால் வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடத்தில் காடியின் வாடை வீசிச் சுருங்கிப்போகும். சென்னையின் தட்பவெப்பம் இதற்குப் பெரிதும் ஏற்றது! கறுப்புவெள்ளைச் சுருளிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகப் படிகளை விற்றவர்களும் உண்டு. புகழ்பெற்ற படத்தின் நெகட்டிவ் படியெடுத்துப் படியெடுத்தே தேய்ந்தது. பேசப்படாத படத்தின் நெகட்டிவ் கேட்பாரின்றிக் கிடந்து அழிந்தது. 1964ஆம் ஆண்டு புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் தொடங்கப்பட்டு, பி.கே. நாயர் நாடெங்கும் அலைந்து சுருள்களைச் சேர்க்கத் தொடங்குவதற்குள் பல படங்கள் போய்விட்டன. 1931ஆம் ஆண்டு வெளியான முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ இன்று நம்மிடம் இல்லை. காப்பகம் சேர்த்த நைட்ரேட் சுருள்களிலும் பெரும்பகுதி 2003ஆம் ஆண்டுத் தீவிபத்தில் எரிந்தது.

இவையெல்லாம் நெடுங்காலத்துக்கு முந்தைய செய்திகள் என்று தோன்றலாம். அவ்வாறன்று. பாலு மகேந்திராவின் ‘வீடு’ 1988ஆம் ஆண்டு வெளியானது. தமிழில் சிறந்த படத்துக்கான தேசிய விருது அதற்கும், சிறந்த நடிகைக்கான தேசிய விருது அதில் நடித்த அர்ச்சனாவுக்கும் கிடைத்தன. வாடகை வீட்டைக் காலிசெய்ய வேண்டிய நிலையில், அலுவலகம் செல்லும் சுதா என்னும் பெண், தாத்தாவின் மனையொன்றை விற்று மற்றொன்றில் வீடு கட்ட முற்படுகிறாள். கதை அவ்வளவே. பாடல்கள் இல்லை, இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ இசைத்தொகுப்பு பின்னணியாக ஒலிக்கிறது. கடன், வரைபட அனுமதி, ஒப்பந்தக்காரரின் சிமெண்ட் திருட்டு, மழை என ஒவ்வொன்றாய்த் தாண்டிச் சுவர் எழும்புகிறது. சொக்கலிங்க பாகவதர் ஏற்ற தாத்தா பாத்திரம், கட்டி முடியாத வீட்டைக் காணத் தனியே வருகிறது. பூசாத சுவரை அம்முதியவர் தொட்டுப் பார்க்கிறார். தமிழ்த்திரையில் இதற்கு ஈடான காட்சிகள் சிலவே.

ஏரிக்கரையும் வயலும் மனைகளாகப் பிரிக்கப்பட்டுக் கல் நட்ட செம்பாக்கம், மாடம்பாக்கம், மேடவாக்கம் போன்ற ஊர்களில் வளர்ந்த மாணவருக்கு இக்கதையை விளக்கவேண்டியதில்லை. அவர்தம் வீடுகள் பலவும் இவ்வாறு எழுந்தவையே. மனைப்பத்திரம், கடன் தவணை, ‘இன்னும் பூச்சுவேலை பாக்கி’ என்னும் பேச்சு ஆகியவற்றுக்கு நடுவே வளர்ந்தவர், பெற்றோரின் இளமைக்காலத்தை இப்படத்தில் காணலாம்.

ஆனால் எந்தத் தெளிவில்? ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ ஆகிய தம் படங்களின் நெகட்டிவ்கள் அழிந்துவிட்டன என்பதைப் பாலு மகேந்திரா தம் இறுதிக்காலத்தில் மேடைகளில் வேதனையுடன் கூறிவந்தார். தமிழ்ப்படங்களுக்கெனச் சென்னையில் ஆவணக்காப்பகம் வேண்டும் என்றும் வலியுறுத்தினார். 2014ஆம் ஆண்டு அவர் மறைந்தார். ஒளிப்பதிவையும் படத்தொகுப்பையும் தாமே செய்த ஒருவர், இயற்கை ஒளியில் செங்கல்லின் சொரசொரப்பையும் முதியவரின் விரல்நுனியையும் ஒருங்கே காட்ட விரும்பி எடுத்த காட்சி அது. கிடைக்கின்ற படிகளில் சுவர் தெரிகிறது, கை தெரிகிறது. சொரசொரப்பு தெரிவதில்லை.

அதே தலைமுறையைச் சேர்ந்த சி. ருத்ரய்யா இயக்கியவை இரண்டே படங்கள்: ‘அவள் அப்படித்தான்’ (1978), ‘கிராமத்து அத்தியாயம்’ (1980). அவரும் 2014ஆம் ஆண்டு மறைந்தார். புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யைத் தழுவி மகேந்திரன் எடுத்த ‘உதிரிப்பூக்கள்’ (1979) படத்தையும் இவற்றோடு சேர்த்துக் காணலாம். இவற்றில் எதையேனும் வீட்டில் காண நேர்ந்தால், படத்தின் பெயரோடு, எந்தப் படியில் பார்த்தோம் என்பதையும் குறித்துக்கொள்வது நல்ல பழக்கம். நூலைக் குறிப்பிடும்போது பதிப்பாண்டைக் குறிப்பிடுகிறோம் அன்றோ?

‘வீடு’ படத்தின் இறுதியில் அம்மனை குடிநீர் வாரியத்தால் முன்பே கையகப்படுத்தப்பட்டது எனத் தெரியவர, வழக்கு நீதிமன்றம் செல்கிறது, வீடு முற்றுப்பெறவில்லை. படப்பிடிப்புக்காகச் சாலிகிராமத்தில் எழுப்பப்பட்ட அக்கட்டடம் பின்னாளில் கட்டி முடிக்கப்பட்டது. பாலு மகேந்திரா அங்கேதான் தம் திரைப்படப் பயிற்சிப் பட்டறையை நடத்தினார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் அல்லது அண்டை வீட்டில் பழைய வீடியோ காசெட், விசிடி, டிவிடி இருப்பின் அவற்றின் பட்டியலைத் தயாரிக்க. குடும்ப நிகழ்ச்சிப் பதிவுகளையும் சேர்த்துக்கொள்க.

2. ஒரே படத்தின் இரு வேறு படிகளில் ஒரு காட்சியை மட்டும் பார்த்து, ஒன்றில் தெரிந்து மற்றொன்றில் தெரியாதவற்றை ஒரு பக்க அளவில் எழுதுக.

3. உங்கள் தெருவில் முதலில் வீடு கட்டியவரிடம் உரையாடி, கட்டி முடிக்க எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதைக் கேட்டறிந்து வகுப்பில் பகிர்க.