ஊமைக் காயமும் உள்ளுறுப்புகளும்

பழவேற்காட்டு முகத்துவாரத்தில் அலை புரட்டும்பொழுது படகின் விளிம்பு மீனவரின் மார்பிலோ வயிற்றிலோ மோதுவதுண்டு. தோல் கிழியாத இத்தகைய அடியை மக்கள் ஊமைக் காயம் என்பர். குருதி வெளிவராமையால் அபாயமில்லை எனக் கருதலாகாது.

நம் மார்புக்கூட்டில் 12 இணை விலா எலும்புகள் உள்ளன. கீழ் விலாக்களின் உட்புறத்தில், வலப்பக்கம் கல்லீரலும் இடப்பக்கம் மண்ணீரலும் அமைந்துள்ளன. குருதி நிறைந்த இவ்வுறுப்புகள் கடும் மோதலில் கிழிந்து, வயிற்றுக்குள்ளேயே குருதி பெருகக்கூடும். சிறுவரின் விலா வளையுந்தன்மையது. அது முறியாமலே உள்ளுறுப்புச் சிதையலாம். மண்ணீரல் சிலருக்குச் சில நாட்கள் கழித்தும் வெடிப்பதுண்டு.

முகம் வெளுத்தல், குளிர்ந்த வியர்வை, நாடி விரைதல், மூச்சுத் திணறல், வயிறு விறைத்தல், இடத்தோளில் வலி, சிறுநீரில் குருதி ஆகியவை அபாயக் குறிகளாம். இவற்றுள் ஒன்று காணப்படினும் உடனே 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும். உணவோ நீரோ கொடுத்தலும், வயிற்றை நீவுதலும், மார்பை இறுகக் கட்டுதலும் கூடா. மோதல் கடுமையாயின், குறி தோன்றும்வரை காத்திராமல் மருத்துவரிடம் காட்டுக.

இரவில் அடிபட்டவர் விடியட்டும் என்று படுத்துவிடுதல் உயிருக்கே கேடாய் முடியலாம். ஆகவே ஊராட்சி உறுப்பினர்கள் ஒவ்வொரு படகுத்துறையிலும் 108 என்ற எண்ணை எழுதிவைத்து, ஊர்தி வரவியலாக் குப்பங்களிலிருந்து அடிபட்டவரைச் சாலைக்குக் கொணரக் கட்டிலும் ஆட்களும் ஆயத்தமாய் இருக்கச் செய்வார்களாக.