இசைக் களஞ்சியத்தின் வாயில்கள்

நுழையும்முன்

களஞ்சியம் நிறைய நெல் இருந்தாலும் அதற்கு வாயில் இல்லையெனில் பசி தீராது. இன்று இலட்சக்கணக்கான பாடல்கள் எண்ணிம வடிவில் சேர்ந்துள்ளன. அவற்றுள் வேண்டியதைத் தேடவும், அறியாததைக் கண்டடையவும் துணைசெய்வது இடைமுகம். திரையில் தோன்றும் பட்டியல், தேடுபெட்டி, வரைபடம் ஆகியன அதன் உறுப்புகள். அதனை வடிவமைப்போர் எவ்வாயிலைத் திறக்கின்றனர் என்பதைப் பொறுத்தே எந்த இசை செவிக்கு எட்டும் என்பது அமைகிறது.

பண்முறையும் தலமுறையும்

பெருந்தொகுப்பு ஒன்றுக்குப் பல வாயில்கள் வேண்டும் என்பதைத் தமிழர் கணினிக்கு முன்பே உணர்ந்திருந்தனர். ஏறத்தாழ 800 பதிகங்கள் கொண்ட தேவாரத்திற்குப் பண்முறை, தலமுறை என இருவகை அடைவுகள் உண்டு. முன்னது இசையின் அடிப்படையில் அமைந்தது. பின்னது ஊரின் அடிப்படையில் அமைந்தது.

இராமேசுவரத்தின்மீது திருஞானசம்பந்தர் பாடிய பதிகங்கள் இரண்டு. திருநாவுக்கரசர் பாடியது ஒன்று. பண்முறையில் சம்பந்தர் பதிகங்கள் மூன்றாம் திருமுறையில் காந்தாரபஞ்சமம், பழம்பஞ்சுரம் என்னும் இரு பண்களின்கீழ்ப் பிரிந்து நிற்கின்றன. நாவுக்கரசர் பதிகம் நான்காம் திருமுறையில் உள்ளது. தலமுறையிலோ மூன்றும் ஓரிடத்தில் கூடுகின்றன. பண் பயில்வோர்க்கு ஒரு வாயில், தலத்தை நாடுவோர்க்கு மற்றொரு வாயில், பாடல்களோ அவையேதாம்.

புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் தூரக்கிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சுக் கல்லூரியும் 2007இல் வெளியிட்ட எண்ணிமத் தேவாரக் குறுந்தகடு இம்மரபைத் தொடர்ந்தது. பாடல், ஆங்கில விளக்கம், சொல்லடைவு, தலங்களின் வரைபடம், இசைப்பதிவு ஆகியவை அதில் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன.

ஒலியே வாயிலாதல்

உலகெங்கும் பயன்படும் இசைச் செயலிகள் பெரும்பாலும் பாடகர், இசைத்தொகுப்பு, பாடல் என்னும் மூன்று தலைப்புகளில் அமைந்தவை. கருநாடக இசைக்கு இவை போதா. ஒரு கீர்த்தனையை ஒருவர் ஐந்து நிமிடத்தில் பாடலாம். மற்றொருவர் அதனை அரைமணி நேரம் விரித்துப் பாடலாம். கேட்போர் நாடுவது இராகமாகவோ தாளமாகவோ இருக்கலாம். இயற்றியவரையோ மிருதங்கக் கலைஞரையோ தேடுவோரும் உளர்.

இக்குறையைக் களையும் நோக்குடன் பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ராவின் தலைமையில் 2011 முதல் 2017 வரை 'காம்ப்மியூசிக்' என்னும் ஆய்வுத்திட்டம் நடைபெற்றது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் அதில் பங்கேற்றது. கருநாடக இசை, இந்துஸ்தானி இசை, துருக்கிய மக்காம், பெய்ஜிங் இசைநாடகம், அரபு அண்டலூசிய இசை ஆகிய ஐந்து மரபுகளை அத்திட்டம் ஆராய்ந்தது. அதன் விளைவாக எழுந்ததே 'துனியா' என்னும் இணையத் தொகுப்பு.

நம் இசையில் பாடுவோர் தம் குரலுக்கேற்ற சுருதியைத் தாமே தேர்கின்றனர். எனவே கணினி முதலில் ஆதார சுருதியைக் கண்டறிய வேண்டும். அதன்பின்னரே சுரங்களை அதற்கு இயைய அளக்க இயலும். அவ்வாறு அளந்த ஒலியைத் திரை கோடாக வரைகிறது. செவியில் அசைந்த கமகம் கண்ணில் வளைவாகத் தெரிகிறது. பயில்வோர்க்குப் பாடலினுள்ளே செல்ல அது புதியதொரு வாயில்.

தீவுகளாய் விரியும் இசை

பெயர் தெரிந்ததைத் தேடுதல் ஒருவகை. பெயர் அறியாமல் உலாவிக் காணுதல் மற்றொரு வகை. பின்னதற்காக 2001இல் வியன்னாவில் எலியாஸ் பாம்பால்க் 'இசைத் தீவுகள்' என்னும் வரைபடத்தை உருவாக்கினார். ஒத்த ஒலியுடைய பாடல்களைக் கணினி அருகருகே வைக்கும். அவை திரண்ட இடம் தீவாக எழும். திரளாத இடம் கடலாகும். மன்னார் வளைகுடாவின் தீவுகளைப் படகிலிருந்து காண்பவர் போலக் கேட்பவர் முதலில் முழுப்பரப்பையும் காண்பார். பின்னர் விரும்பிய தீவை அணுகுவார்.

தெரிந்து தெளிவோம்

இந்தியாவில் இசைத்தட்டுப் பதிவு தொடங்கிய 1902இல் பாடியவர்களுள் ஒருவர் கௌஹர் ஜான். அவர் பாடலின் முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் கூறுவது வழக்கம். தட்டுகள் அயல்நாட்டில் அச்சாயின. தட்டில் ஒட்டும் சீட்டில் உரிய பெயரை எழுத அக்குரலே துணையாயிற்று.

கரைப்பாட்டுக்கு எது வாயில்?

சாயல்குடிக்கு அருகே மன்னார் வளைகுடாக் கரையில் அமைந்த ஊர் மாரியூர். அத்தகைய கடற்கரையில் கரைவலை இழுப்போரின் அம்பாப் பாட்டு ஒன்று பதிவாவதாகக் கொள்வோம். ஒருவர் முன்பாட மற்றவர் தொடர்வர். கயிற்றின் இழுப்பும் பாட்டின் தாளமும் ஒன்றும். அதனை இயற்றியவர் பெயர் இல்லை. இராகப் பெயரும் தலைப்பும் இல்லை. வழக்கமான இடைமுகம் அதனைப் 'பிற' என்னும் பிரிவில் இட்டுவிடும். பலர் கேட்டதையே முன்னிறுத்தும் பரிந்துரை முறையில், எவரும் கேளாத அப்பாட்டு என்றும் கேளாததாகவே நிற்கும். இயந்திரங்கள் பெருகிக் கூட்டு உழைப்பு குறைய, அது பிறந்த சூழலும் சுருங்கி வருகிறது. பதிவு செய்தும் கேட்பாரற்றுப் போனால் அப்பாட்டு இருமுறை இழக்கப்பட்டதாகும்.

இதற்கான வழியும் நம் மரபிலேயே உள்ளது. தொல்காப்பியம் கருப்பொருள்களை வகுக்கும்போது பறை, தொழில், யாழ் ஆகியவற்றை ஒருங்கே எண்ணுகிறது. நிலத்தையும் உழைப்பையும் இசையிலிருந்து பிரிக்காத பார்வை அது. எந்தக் கரை, எந்தத் தொழில், வாடைக் காற்றின் காலமா கச்சான் காற்றின் காலமா, பாடியவர் யாவர் என்பன இடைமுகத்தின் வாயில்களானால் அம்பாப் பாட்டு தனக்குரிய இடத்தைப் பெறும். எழுத்தறியாதவரும் குரலால் தேட வழி வேண்டும். பாடியோரின் இசைவும் பெயரும் பதிவோடு இணைந்திருத்தல் வேண்டும். தம் பாட்டைத் தம் கைப்பேசியில் அவர்களே கேட்க முடிதல் இடைமுகத்தின் சிறப்பை அளக்கும் முதன்மையான அளவுகோலாகும்.

சேர்த்து வைத்தல் பாதுகாப்பின் முதற்படி. கண்டடையச் செய்தல் அதன் நிறைவு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் வழங்கும் தொழிற்பாடல் ஒன்றைப் பாடுவோரின் இசைவுடன் பதிவு செய்து, அதற்குரிய விவரங்களை அட்டவணைப்படுத்துக.
2. பண்முறை, தலமுறை அடைவுகளின் பயன்களை ஒப்பிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.
3. நாட்டுப்புறப் பாடல் தொகுப்பு ஒன்றிற்கான முகப்புத் திரையை வரைந்து, அதிலுள்ள வாயில்களைத் தேர்ந்த காரணத்தை விளக்குக.