பழைய ஹெர்குலிஸைப் புதுப்பிக்க வரும் இளம் பொறியாளருக்கு

மீட்புப் பணிக்குப் போகும் ராணுவ விமானமும் சிறப்புப் படையினரைச் சுமக்கும் விமானமும் அமெரிக்காவில் ஒரே குடும்பம். 1954 ஆகஸ்ட் 23 அன்று முதன்முதலாகப் பறந்த லாக்ஹீட் சி-130 ஹெர்குலிஸ்தான் இரண்டுக்கும் மூலம். மீட்புக்கானது ஹெச்.சி-130, இரவில் தாழப் பறந்து எதிரி நிலத்துக்குள் வீரர்களை இறக்குவது எம்.சி-130. உடலுக்கு மேலே பொருத்திய இறக்கை, நான்கு என்ஜின்கள், பின்புறச் சரிவுக் கதவு, மண் ஓடுதளத்திலும் இறங்கக்கூடிய சக்கரங்கள் ஆகியவை எழுபது ஆண்டுகளாக அப்படியே இருக்கின்றன. மாறியதெல்லாம் பெரும்பாலும் உள்ளேதான். அவற்றைப் புதுப்பிக்கும் வேலைக்கு வரும் இளம் பொறியாளரின் கண் முதலில் திரைகள்மீதும் ரேடார்மீதும்தான் போகும். ஆனால் அவர் தொடங்க வேண்டிய இடம் வேறு.

முதலில் விமானத்தின் வேலையைப் புரிந்துகொள்ள வேண்டும். ஹெச்.சி-130 ஓடுதளம் இல்லாத இடத்தில் இறங்கி யாரையும் தூக்கி வருவதில்லை, தூக்குவது ஹெலிகாப்டர். அந்த ஹெலிகாப்டருக்கு வானிலேயே எரிபொருள் ஊட்டுவதுதான் ஹெர்குலிஸின் தலையாய பணி. ஹெலிகாப்டரால் வேகமாகப் பறக்க முடியாது. ஹெர்குலிஸ் மிகவும் மெதுவானால் இறக்கையின் தூக்குவிசை போதாது. இரண்டும் ஒத்துப்போகும் வேகம் சுமார் 110 நாட் மட்டுமே. விமானத்தில் எடை ஏற ஏற அதனால் மெதுவாகப் பறக்க முடிவது குறையும், அந்தக் குறுகிய இடைவெளி மேலும் சுருங்கும். விமானத்துக்குள் புதிதாக ஏற்றும் ஒவ்வொரு கருவியும் ஹெலிகாப்டருக்குக் கொடுக்க வேண்டிய எரிபொருளிலிருந்து எடையைத் திருடுகிறது. எனவே பழையதைக் கழற்றுவதும் நவீனமயத்தின் பாதி. தரையிலிருந்து ஒரு மனிதரைக் கயிற்றோடு அப்படியே இழுத்துக்கொள்ளும் ஃபுல்டன் முறைக்காக மூக்கில் கவை பொருத்திய ஹெர்குலிஸ்கள் இருந்தன. பார்ப்பதற்குச் சாகசம்தான். ஆனால் தொலைதூர ஹெலிகாப்டர்கள் வந்தபின் அதற்கு வேலை இல்லாமல் போய், 1996இல் கைவிடப்பட்டது.

இந்த விமானங்களின் இன்றைய வடிவத்தைத் தீர்மானித்ததில் ஒரு தோல்விக்கு முக்கியப் பங்கு உண்டு. 1980 ஏப்ரலில் ஈரானில் பிணைக்கைதிகளை மீட்கச் சென்ற அமெரிக்கப் படை பாலைவனத்தில் கூடியது. புறப்பட்ட எட்டு ஹெலிகாப்டர்களில் ஆறு வந்துசேர்ந்தன. அவற்றில் ஐந்துதான் பறக்கும் நிலையில் இருந்தன. திட்டத்துக்கு ஆறு தேவை. திரும்ப முடிவெடுத்தபின், புழுதிக்கு நடுவில் ஒரு ஹெலிகாப்டர் எரிபொருள் நிரப்பிய ஹெர்குலிஸ்மீது மோத, எட்டுப் பேர் இறந்தார்கள். மறுமுயற்சிக்காக ஒரு ஹெர்குலிஸில் ராக்கெட்டுகளைக் கட்டி விளையாட்டு மைதானத்தில் இறக்கப் பார்த்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 29 அன்று சோதனையில் ராக்கெட்டுகள் முன்கூட்டியே எரிந்து அது நொறுங்கியது. அவசரத்தில் செய்யும் மாற்றம் எப்படி முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை. இருந்தாலும் அந்த முயற்சியில் கற்றவை பிறகு வந்த எம்.சி-130ஹெச் காம்பாட் டாலன் இரண்டுக்குப் பயன்பட்டன.

தொடங்க வேண்டிய இடம் இறக்கை. இரு இறக்கைகளையும் உடலோடு பிணைக்கும் மையப் பெட்டியில்தான் உலோகச் சோர்வு முதலில் கூடும். 2002 ஜூனில் கலிஃபோர்னியாவில் காட்டுத்தீயை அணைக்கப் போன பழைய சி-130ஏ ஒன்றின் இறக்கைகள் நடுவானில் மடிந்து மூவர் இறந்தது உலகம் முழுக்கப் படமாகக் காட்டப்பட்டது. தாழப் பறக்கும் விமானம் கொந்தளிப்பான காற்றில் ஓயாமல் குலுங்குகிறது. அதன் ஒரு மணிநேரம் உயரத்தில் அமைதியாகப் பறப்பதன் ஒரு மணிநேரத்துக்குச் சமமல்ல. அதனால் அமெரிக்க விமானப்படை பறந்த மணிகளை மட்டும் எண்ணுவதில்லை; பணியின் கடுமையை வைத்துப் பெருக்கிய ‘சமான மணி’களைக் கணக்கிடுகிறது. வயதான பெட்டியோடு பறக்கும் விமானத்தில் விலையுயர்ந்த ரேடாரைப் பொருத்துவது வீண் செலவு. பெட்டி மாற்றப்படுமா, எப்போது என்ற விடை கிடைக்கும்வரை வயரிங் வரைபடத்தைத் திறக்கவே வேண்டாம்.

அடுத்தது புரொப்பெல்லர். 2017 ஜூலை 10 அன்று மிசிசிப்பியில் கே.சி-130டி ஒன்று நடுவானில் சிதறி 16 பேர் இறந்தார்கள். அவர்களில் ஏழு பேர் மரைன் சிறப்புப் படைப்பிரிவைச் சேர்ந்தவர்கள். இரண்டாம் என்ஜினின் ஒரு பிளேடு கழன்று உடலைத் துளைத்திருந்தது. 2011இல் பணிமனைக்கு வந்தபோது அந்த பிளேடில் இருந்த அரிப்பு நீக்கப்படாமலே திருப்பி அனுப்பப்பட்டதாக விசாரணை கண்டது. ஆறு ஆண்டுகளில் அந்த அரிப்பு விரிசலாக வளர்ந்தது. பழைய நான்கு பிளேடு உலோகப் புரொப்பெல்லருக்குப் பதிலாக எட்டு பிளேடு கொண்ட கூட்டுப்பொருள் புரொப்பெல்லர் இப்போது பொருத்தப்பட்டு வருகிறது. சி-130இன் புதிய ஜே வகையில் ஆறு பிளேடுகள், ரோல்ஸ்-ராய்ஸ் என்ஜின். பொருள் நல்லதுதான். ஆனால் அந்தப் பதினாறு பேருக்குத் தேவைப்பட்டது புதுப்பொருள் அல்ல, படிவத்தில் இருந்தபடி செய்யப்பட்ட சோதனை.

காக்பிட்டில் நடந்த மாற்றம்தான் பெரியது. காம்பாட் டாலன் இரண்டில் ஏழு பேர் இருந்தார்கள்: இரு விமானிகள், நேவிகேட்டர், மின்னணுப் போர் அலுவலர், ஃபிளைட் என்ஜினியர், இரு லோட்மாஸ்டர்கள். மீட்புக்கான ஹெச்.சி-130ஜேயில் ஐந்து பேர். நேவிகேட்டரின் இடத்தில் ஒரு போர் அமைப்பு அலுவலர், ஃபிளைட் என்ஜினியரின் வேலை கணினிக்கு. ஒரு மனிதர் போனால் அவருடைய கடமைப் பட்டியல் மட்டும் போவதில்லை. பட்டியலில் இல்லாத அவருடைய கண்களும் போகின்றன. 2015 அக்டோபரில் ஆப்கானிஸ்தானின் ஜலாலாபாத்தில் நடந்ததைப் பொறியாளர் படிக்க வேண்டும். உயரமான சரக்கை ஏற்ற வசதியாக வால் மடலை உயர்த்திப் பிடிக்க, இரவுப் பார்வைக் கண்ணாடியின் கெட்டிப் பெட்டியைக் கட்டுப்பாட்டுத் தண்டின் முன் வைத்தார்கள். இருட்டில் அது மறந்துபோயிற்று. கிளம்பிய சி-130ஜே மூக்கைத் தூக்கி, தூக்குவிசையிழந்து விழுந்தது. 14 பேர் இறந்தார்கள். கருவி எதுவும் பழுதாகவில்லை.

இரவுப் பார்வைக் கண்ணாடி இன்னொரு தொல்லையையும் கொண்டுவருகிறது. அது சிவப்பையும் அகச்சிவப்பையும் பல மடங்கு பெருக்கிக் காட்டும். சாதாரணக் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் ஒரு சிவப்பு விளக்கு கண்ணாடி வழியே வெளியுலகையே மறைத்துவிடும். அதனால் காக்பிட் விளக்குகள் நீலப்பச்சைப் பக்கம் வடிகட்டப்படுகின்றன. ஒரே ஒரு பொத்தானின் பழைய பல்பை விட்டுவைத்தாலும் வேலை கெட்டுவிடும். எல்லாக் கருவிகளும் பொருத்தியபின், நள்ளிரவில், கண்ணாடி அணிந்து உட்கார்ந்து பார்ப்பதைத் தவிர இதற்குக் குறுக்குவழி இல்லை.

ரேடார் விஷயம் சுருக்கமானது. நிலத்தொடர் ரேடார் முன்னால் உள்ள மேட்டை அளந்து, எப்போது ஏற வேண்டும், இறங்க வேண்டும் என்று விமானிக்குச் சொல்லும். காம்பாட் டாலன் இரண்டு மோசமான வானிலையிலும் 250 அடி உயரத்தில் பறக்க இதுவே காரணமாக இருந்தது. ஆனால் அலை வீசும் எதுவும் எதிரிக்குக் கேட்கும். எம்.சி-130ஜேக்கு உருவான ‘சைலண்ட் நைட்’ ரேடார் பிறர் பிடிக்க முடியாத அளவு மெல்ல அலை வீச முயல்கிறது.

திட்டங்கள் எங்கே கவிழ்கின்றன என்பதுதான் முக்கியம். பழைய சி-130களின் மின்னணுவை ஒரேமாதிரி ஆக்கும் திட்டம் 2001இல் போயிங்குக்குப் போனது. 500க்கும் மேற்பட்ட விமானங்கள் என்று தொடங்கியது, செலவு வரம்பு மீறி 200க்குச் சற்று மேலாகக் குறைந்தது. சிறப்புப் படை விமானங்களே பட்டியலிலிருந்து வெளியேறின. 2012இல் விமானப்படையே அதை நிறுத்த முன்மொழிந்தது. ஒரே எழுத்து வகையாக இருந்தாலும் ஒவ்வொரு விமானமும் பல பணிமனைகளில் பலவிதமாக மாற்றப்பட்டிருந்தது. பல முறை ஆள் மாறிய வாடகை வீட்டின் வயரிங் போல, வரைபடம் ஒன்று, உள்ளே வேறொன்று. வால் எண்ணுக்கு ஒரு கோப்பு, நேரில் திறந்து பார்த்து எழுதியது, இல்லாமல் மதிப்பீடு போடக்கூடாது.

இந்தியாவின் அனுபவத்தில் வெற்றியும் உண்டு, தேங்கிய திட்டமும் உண்டு. 2011இல் ஹிண்டன் தளத்துக்கு வந்த சி-130ஜேக்கள் சிறப்புப் பணிக்காகவே வாங்கப்பட்டவை. 2023 ஏப்ரலில் சூடானின் வாடி செய்ட்னாவில், விளக்கோ வழிகாட்டும் கருவியோ இல்லாத சிதைந்த ஓடுதளத்தில், அகச்சிவப்புக் கேமராவால் தடையைச் சரிபார்த்து, இரவுக் கண்ணாடியோடு இறங்கி 121 பேரை ஒரு விமானம் ஏற்றிவந்தது. பழைய ஏஎன்-32 போக்குவரத்து விமானங்களின் கதை வேறு. 2009இல் உக்ரைனோடு 105 விமானங்களுக்கு ஒப்பந்தம். 40 அங்கே புதுப்பிக்கப்பட்டன, மீதி கான்பூரில் நடக்க வேண்டியவை, உக்ரைன் நெருக்கடியால் பாகங்கள் வராமல் தேங்கின.

2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் கிளம்பிய ஏஎன்-32 வங்கக்கடலில் மறைந்தது. அவசரக் குறி எதுவும் வரவில்லை. சிதைவு கிடைத்தது 2024 ஜனவரியில், சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில். நவீனமயப் பட்டியலை எழுதும் இளம் பொறியாளர், விமானத்தின் இருப்பிடத்தைச் சொல்லும் கருவியை அதன் கடைசிப் பக்கத்தில் வைக்காமல் முதல் பக்கத்தில் எழுத வேண்டும்.