பினாங்குத் துறைமுகத்தில் ‘எம்டன்’

நம் தோட்டப்புறங்களில் வயது முதிர்ந்தோர் பேசும்போது எப்போதாவது ஒரு சொல் வந்து விழுவதுண்டு. “அவனா? அவன் பெரிய எம்டன் ஆயிற்றே!” என்பார்கள். எவரையும் ஏய்க்க வல்லவன், எதற்கும் அஞ்சாதவன் என்பது அதன் பொருள். இது தமிழ் வேரிலிருந்து பிறந்த சொல் அன்று. ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர். அக்கப்பல் சென்னை நகரை நடுங்க வைத்த முப்பத்தாறாம் நாள், நம் பினாங்குத் துறைமுகத்திற்குள்ளும் புகுந்தது. அந்த வரலாற்றை இத்திங்கள் பாடமாகக் காண்போம்.

கப்பலும் அதன் தலைவரும்

1914ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் முதல் உலகப் போர் மூண்டது. சீனக் கரையிலுள்ள சிங்தாவ் துறைமுகத்தைத் தளமாகக் கொண்டிருந்த ஜெர்மானியக் கப்பற்படையிலிருந்து ‘எம்டன்’ மட்டும் பிரிந்து, தன்னந்தனியாக இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பப்பட்டது. அதன் தலைவர் கார்ல் வான் முல்லர். பகைவர்களின் வணிகக் கப்பல்களைப் பிடிப்பதும் மூழ்கடிப்பதும் அவருக்கு இடப்பட்ட பணி. இரண்டே மாதங்களில் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் அவர் கையில் சிக்கின. ஆயினும், பிடிபட்ட கப்பல்களின் மாலுமிகளை அவர் துன்புறுத்தவில்லை. வேறொரு கப்பலில் ஏற்றிப் பாதுகாப்பாக அனுப்பி வைத்தார்.

1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, எம்டன் சென்னைக் கரையை நெருங்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள் பொழிந்தன. துறைமுகத்தின் அருகிலிருந்த பர்மா எண்ணெய் நிறுவனத்தின் மண்ணெண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. சிலர் உயிரிழந்தனர். மக்கள் பலர் மூட்டை முடிச்சுகளுடன் ஊரைவிட்டு வெளியேறினர். குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல்வெட்டொன்று சென்னை உயர்நீதிமன்ற மதிலில் உள்ளது. கப்பல் போய்விட்டது, அதன் பெயர் மட்டும் தமிழர் நாவில் தங்கிவிட்டது.

நான்காவது புகைபோக்கி

எம்டன் கப்பலுக்கு இயற்கையாக அமைந்த புகைபோக்கிகள் மூன்று. ‘யார்மத்’ என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலுக்கோ நான்கு. ஆகவே, மரச்சட்டமும் கித்தான் துணியும் கொண்டு போலியான நான்காவது புகைபோக்கி ஒன்றை ஜெர்மானியர் செய்து நிறுத்தினர். தொலைவிலிருந்து பார்ப்போருக்கு அது பிரிட்டிஷ் கப்பலாகவே தோன்றும்.

1914 அக்டோபர் 28, புதன்கிழமை. நம் தோட்டங்களில் பெரட்டுக்கு எழும் நேரம். விடியற்காலை ஐந்து மணியளவில், விளக்குகள் ஒளிர்ந்துகொண்டிருந்த பினாங்குத் துறைமுகத்திற்குள் எம்டன் அமைதியாக நுழைந்தது. உள்ளே ரஷ்ய நாட்டின் ‘ஷெம்சுக்’ என்னும் போர்க்கப்பல் நங்கூரமிட்டு நின்றது. ரஷ்ய மொழியில் ‘ஷெம்சுக்’ என்றால் முத்து என்று பொருள். முத்துத் தீவு எனப் புகழ்பெற்ற பினாங்கிலேயே அந்த முத்து மூழ்க நேர்ந்தது விந்தையன்றோ?

நெருங்கி வந்தபின் எம்டன் தன் ஜெர்மானியக் கொடியை ஏற்றிற்று, சில நூறு மீட்டர் தொலைவிலிருந்து நீர்மூழ்கிக் குண்டை ஏவிற்று, பீரங்கிகளும் முழங்கின. இரண்டாவது நீர்மூழ்கிக் குண்டு பாய்ந்தவுடன் ரஷ்யக் கப்பல் வெடித்துச் சிதறி, சிறிது நேரத்தில் கடலுக்குள் மறைந்தது. எண்பதுக்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். நீரில் தத்தளித்தோரை உள்ளூர்ப் படகோட்டிகளும் மீனவர்களும் கரைசேர்த்தனர்.

ஜார்ஜ் டவுன் நகரத்தின்மீது எம்டன் குறிவைக்கவில்லை. வெளியேறும் வழியில், ரோந்து முடிந்து திரும்பிக்கொண்டிருந்த ‘முஸ்கே’ என்னும் பிரெஞ்சுப் போர்க்கப்பலையும் மூழ்கடித்தது. ஆனால், அதன் மாலுமிகள் 36 பேரை நீரிலிருந்து தூக்கிக் காப்பாற்றியவர்களும் அதே ஜெர்மானியரே. அவர்களுள் காயத்தால் இறந்தோரை இராணுவ மரியாதையுடன் கடலில் அடக்கம் செய்தனர். எஞ்சியோரை, வழியில் எதிர்ப்பட்ட பிரிட்டிஷ் வணிகக் கப்பலொன்றில் ஏற்றிச் சுமாத்திராவின் சாபாங் துறைமுகத்திற்கு அனுப்பினர்.

இத்துணை அழிவு ஏன்?

எம்டன் கப்பலின் வலிமை மட்டும் இதற்குக் காரணமன்று. ஷெம்சுக் கப்பலின் கொதிகலன்கள் பழுதுபார்க்கப்பட்டுக்கொண்டிருந்தன. ஆகவே விரைந்து நகர இயலவில்லை. போர்க்காலமாயிருந்தும் முறையான காவல் இல்லை. குண்டுகளில் பெரும்பகுதி அறைகளில் பூட்டப்பட்டிருந்தது. மேல்தளத்தில் ஆயத்தமாக இருந்தவை பன்னிரண்டு மட்டுமே. கப்பலின் தலைவரோ அன்றிரவு கரையில், ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் விடுதியில் தங்கியிருந்தார். பின்னர் இராணுவ நீதிமன்றம் அவருக்கு மூன்றரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. தண்டனை அவருக்குக் கிடைத்தது; உயிரை இழந்தோரோ உறங்கிக்கொண்டிருந்த சாதாரண மாலுமிகள்.

எம்டன் கதையும் நெடுநாள் நீடிக்கவில்லை. 1914 நவம்பர் 9ஆம் நாள், கொக்கோஸ் தீவிலிருந்த தந்தி நிலையத்தை அழிக்க அது சென்றது. அங்கிருந்தவர்கள் கூர்ந்து நோக்கினர். நான்காவது புகைபோக்கி போலி என்று கண்டுகொண்டு உடனே செய்தி அனுப்பினர். விரைந்து வந்த ‘சிட்னி’ என்னும் ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் எம்டனைச் சிதைத்தது. எம்டன் மாலுமிகளுள் 130க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பினாங்கில் வென்ற அதே தந்திரம், விழித்திருந்த கண்களின்முன் தோற்றது.

கதையும் வரலாறும்

விடுதலை வீரர் செண்பகராமன் பிள்ளை எம்டன் கப்பலில் வந்தே சென்னையைத் தாக்கினார் என்றொரு செய்தி தமிழகத்தில் பரவலாகப் பேசப்படுகிறது. கேட்பதற்கு அது பெருமையாகத்தான் இருக்கிறது. எனினும், 1914ஆம் ஆண்டின் அந்த மாதங்களில் அவர் சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் இந்திய விடுதலைக்காக உழைத்துக்கொண்டிருந்தார். ஒரே காலத்தில் ஒருவர் இரண்டிடங்களில் இருத்தல் இயலாது. அவர் உண்மையில் ஆற்றிய தொண்டே அவருக்குப் போதிய பெருமை, கட்டுக்கதை வேண்டியதில்லை. ஒரு செய்தியைக் கேட்டவுடன் ஆளையும் இடத்தையும் நாளையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே வரலாறு கற்கும் முறை.

ஜெரெஜாக் தீவு

மாண்ட ரஷ்ய மாலுமிகளுக்குப் பினாங்கு வெஸ்டர்ன் ரோடு கல்லறைத் தோட்டத்தில் நினைவுச்சின்னம் உண்டு. ஜெரெஜாக் தீவிலும் அவர்களுடைய கல்லறை இருக்கிறது. ஜெரெஜாக் என்றவுடன் நம்மவர்க்கு வேறொரு நினைவும் எழ வேண்டும். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்த நம் முன்னோர் பலர், தோட்டத்திற்கு அனுப்பப்படுமுன் நோய்த்தடுப்புக் காவலில் வைக்கப்பட்டதும் அத்தீவிலேதான். தொலைதூர நாட்டு மாலுமியும், பால்மரக் காட்டுக்கு வந்த நம் பாட்டனும் மிதித்த மண் ஒன்றே. மாலுமியின் நினைவைக் காக்க ஒரு கல் நிற்கிறது. நம் பாட்டன் எந்தக் கப்பலில் வந்தார், எத்தனை நாள் அங்கே காத்திருந்தார் என்பதைக் காக்க என்ன இருக்கிறது? நம் முதியோரின் நினைவு ஒன்றே இருக்கிறது. அதுவும் ஆண்டுக்காண்டு குறைந்து வருகிறது.

ஆகவே வாசக அன்பர்களே, இன்று மாலை வேலை முடிந்தபின் ஒரு பழைய குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள மூத்தோரை அருகில் அமர்த்திக் கீழ்க்காணும் வினாக்களைக் கேளுங்கள். விடைகளைப் பிள்ளைகள் எழுதட்டும்.

1. நம் குடும்பத்தில் முதன்முதல் இந்நாட்டுக்கு வந்தவர் யார்? அவருடைய ஊர் எது?
2. அவர் எந்தத் துறைமுகத்தில் கப்பலேறினார்? எங்கே இறங்கினார்?
3. ஜெரெஜாக் தீவைப்பற்றி அவர் ஏதேனும் சொன்னதுண்டா?
4. ‘எம்டன்’ என்னும் சொல்லை யாரிடமிருந்து முதலில் கேட்டீர்கள்?

எழுதிவைத்த ஏடு நம் பேரப்பிள்ளைகள் கைக்குச் சேரும்.