குடியாட்சிப் போரும் மதுரை மண்ணின் மடலும்

முன்னுரை

பழனிமலைத் தொடரின் மேல் அமைந்த கொடைக்கானலுக்குச் செல்வோர் ஏரியையும் குறிஞ்சியையும் கண்டு மகிழ்வர். இம்மலைநகர் உருவானதில் அமெரிக்கருக்குப் பெரும்பங்கு உண்டு என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. 1834-ல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷன் பாதிரிமார், சமவெளியின் வெப்பத்திற்கும் நோய்க்கும் அஞ்சி, 1845-ல் இங்கே வீடுகள் கட்டினர். அவர்தம் பிள்ளைகளுக்காக 1901-ல் தோன்றிய பள்ளியே இன்றைய கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி.

அதே 1901-ல் தியோடர் ரூஸ்வெல்ட் அமெரிக்கக் குடியரசுத் தலைவரானார். அந்நாட்டின் சீர்திருத்தக் காலம் அவர் ஆட்சியில் வலுப்பெற்றது. அச்சீர்திருத்த நாடு உலகப் போரில் இறங்கியது எவ்வாறு? அப்போது மதுரை மாவட்டத்தில் பிறந்த ஒருவர் அந்நாட்டை நோக்கிக் கேட்டது என்ன? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

சீர்திருத்தக் காலம்

உள்நாட்டுப் போருக்குப் பின் அமெரிக்காவில் ஆலைகளும் இருப்புப் பாதைகளும் பெருகின. செல்வம் சிலர் கையில் குவிந்தது. குழந்தைகள் ஆலைகளில் உழைத்தனர். நகராட்சிகளில் ஊழல் மலிந்தது. இக்கொடுமைகளை இதழாளர்கள் அம்பலப்படுத்தினர். அப்டன் சிங்ளேர் சிகாகோ இறைச்சிக்கூடங்களின் நிலையை 1906-ல் நாவலாக எழுதினார். அவ்வாண்டே தூய உணவுச் சட்டம் பிறந்தது. 1913-ல் வருமான வரிக்கும், செனட்டர்களை மக்களே நேரில் தேர்ந்தெடுப்பதற்கும் அரசியலமைப்பு திருத்தப்பட்டது. 1914-ல் ஏகபோக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் கிளேட்டன் சட்டம் வந்தது.

ஆயினும் இந்த ஒளி எல்லார் மீதும் விழவில்லை. உட்ரோ வில்சன் ஆட்சியில் அரசு அலுவலகங்களிலேயே கருப்பின ஊழியர் தனியே பிரித்து வைக்கப்பட்டனர். குழந்தைத் தொழிலைத் தடுக்க 1916-ல் இயற்றிய சட்டத்தை 1918-ல் உச்சநீதிமன்றம் செல்லாதென்றது.

போரில் நுழைதல்

1914-ல் போர் மூண்டபோது அமெரிக்கா நடுநிலை வகித்தது. ஆனால் நேச நாடுகளோடு அதன் வாணிகமும் கடனும் வளர்ந்தன. 1915-ல் லூசிட்டானியா கப்பல் மூழ்கடிக்கப்பட்டபோது அமெரிக்கர் 128 பேர் மாண்டனர். 1917 பிப்ரவரியில் ஜெர்மனி கட்டுப்பாடற்ற நீர்மூழ்கிப் போரைத் தொடங்கியது. மெக்சிகோவைத் தன் பக்கம் இழுக்க அது அனுப்பிய ரகசியத் தந்தியும் வெளியாயிற்று. ஏப்ரல் 2-ல் வில்சன் காங்கிரசின் முன் நின்று, உலகில் குடியாட்சிக்குப் பாதுகாப்புத் தேடவே போரிடுகிறோம் என்றார். ஏப்ரல் 6-ல் போர் அறிவிக்கப்பட்டது.

சீர்திருத்தவாதிகள் இரு பிரிவாயினர். போரால் அரசின் கை வலுப்பட்டுச் சீர்திருத்தம் விரையும் எனச் சிலர் நம்பினர். செனட்டர் லா ஃபாலட்டும் சமூகத் தொண்டர் ஜேன் ஆடம்சும் போரை எதிர்த்தனர். ஜூன் மாதத்தில் உளவுச் சட்டம் நிறைவேறியது. போரை எதிர்த்துப் பேசியதற்காகச் சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்சுக்கு 1918-ல் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. குடியாட்சிக்கான போர் குடிகளின் பேச்சுரிமையையே முதலில் பறித்தது!

மதுரை மண்ணின் மடல்

அதே 1917 ஜூனில் சென்னை அரசு, சுயாட்சி இயக்கத் தலைவி அன்னி பெசண்டை உதகையில் காவலில் வைத்தது. அவ்வியக்கத்தின் கௌரவத் தலைவர் எஸ். சுப்பிரமணிய ஐயர். 1842-ல் மதுரை மாவட்டத்தில் பிறந்து, மதுரையில் வழக்கறிஞராகப் புகழ்பெற்று, சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக உயர்ந்து ஓய்வு பெற்றவர். ஜூன் 24-ல் அவர் வில்சனுக்கே ஒரு மடல் வரைந்தார். ஹோட்ச்னர் என்னும் அமெரிக்கத் தம்பதியர் அதை எடுத்துச் சென்றனர்.

மடலின் கருத்து எளியது: குடியாட்சிக்காகப் போரிடும் நீங்கள், உங்கள் நேச நாட்டின் ஆட்சியில் இந்தியர் படும் நிலையைப் பாருங்கள். சுயாட்சி வாக்குறுதி தந்தால் மூன்று மாதத்தில் ஐம்பது லட்சம் வீரரை இந்தியா அளிக்கும் என்றும் அதில் கூறினார். பின்னர் மடல் வெளியானபோது ஆள்வோர் சீறினர். எழுபத்தைந்து வயதைக் கடந்த அப்பெரியவர் 1918-ல் தம் 'சர்' பட்டத்தையே துறந்தார்.

பெசண்ட் 1917 செப்டம்பரில் விடுதலையாகி, அவ்வாண்டே காங்கிரஸ் தலைவரானார். ஆனால் வில்சனின் சொல் இந்தியாவரை எட்டவில்லை. பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர் கடல் கடந்து போர்ப்பணி ஆற்றினர். 1919-ல் நமக்குக் கிடைத்ததோ ரௌலட் சட்டமும் ஜாலியன்வாலா பாக் படுகொலையுமே.

முடிவுரை

அவ்வாறாயின் அம்மடல் வீணா? இல்லை. உயர்ந்த கொள்கையை உரைத்தவன் தன் வசதிக்கேற்ப அதற்கு எல்லை வகுக்கலாம். கேட்டவன் அந்த எல்லைக்குள் அடங்க வேண்டியதில்லை. அமெரிக்கப் பெண்கள் அப்படித்தான் கேட்டனர்: வெளிநாட்டில் குடியாட்சி, வீட்டில் வாக்குரிமை இல்லையா? 1920-ல் அவ்வுரிமையைப் பெற்றனர். மறு ஆண்டே சென்னைச் சட்டமன்றம் பெண்களின் வாக்குரிமைக்கு வழி திறந்தது. கருப்பின மக்களின் போராட்டமும் நம் விடுதலைப் போரும் அதே கேள்வியையே எழுப்பின.

ஆகவே சீர்திருத்தத்தை அதன் சட்டங்களின் எண்ணிக்கையால் அளப்பது போதாது. அதன் பயன் கடைசி மனிதனை எட்டியதா என்று பார்க்க வேண்டும். வரலாறு பயிலும் நாம் ஆண்டுகளை மனப்பாடம் செய்வதோடு நில்லாமல், பெரியோர் சொல்லை அவர் செயலோடு வைத்து நிறுத்துப் பார்க்கவும் பழகுவோமாக!