கண்ணாடி ஓடும் கடைசி வரிசையும்

தம்மம்பட்டிப் பக்கம் பழைய ஓட்டுக் கட்டடங்களில் கூரை நடுவே ஓரிரு கண்ணாடி ஓடுகளைப் பார்க்கலாம். காங்கிரீட் தளம் வந்தபின் வகுப்பறைக்குச் சன்னலே கதி. சன்னலின் மேல் விளிம்பு 7 அடி உயரம் என்றால், எழுதப் படிக்கப் போதுமான வெளிச்சம் சுமார் 14 அடி தூரம்தான் உள்ளே எட்டும். ஒரு பக்கம் மட்டுமே சன்னல் உள்ள 20 அடி அறையில், மின்சாரம் நின்றால் எதிர்ச்சுவர் ஓரப் பிள்ளைகள் திணறுவார்கள். அதைக் கவனக்குறைவு என்று எண்ணிவிடுகிறோம்.

"கூரை முழுக்கக் கண்ணாடி போட்டால் என்ன சார்?" என்றான் என் எட்டாம் வகுப்பு மாணவன். மைதானத்தில் குச்சி நடச் சொன்னேன். நம் ஊர் ஏறத்தாழ 11.4 பாகை வட அட்சத்தில் உள்ளது. ஏப்ரல் 20, ஆகஸ்ட் 23 ஆகிய நாள்களை ஒட்டிப் பகல் 12.20 மணியளவில் சூரியன் உச்சியில் நிற்கும். குச்சிக்கு நிழல் விழாது. (ஏப்ரல் தேர்வுக் காலம், ஆகஸ்ட்டே வசதி.) அந்த வெயில் கண்ணாடி வழியே நேராக இறங்கினால் வகுப்பில் உட்கார முடியுமா? லண்டனில் ஜூன் மாத நண்பகலிலும் சூரியன் 62 பாகை உயரத்தைத்தான் எட்டும். அங்கத்திய கண்ணாடிக் கூரை நமக்கு ஒத்துவராது.

அந்த இரு நாள்களுக்கும் இடைப்பட்ட நான்கு மாதமும் நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். ஆகவே வடக்குச் சன்னலுக்கும் மேலே வெயில் மறைப்பு வேண்டும். பலர் இதை மறக்கிறார்கள்.

புதிய அறை கட்டும்போது எதிரெதிர்ச் சுவர்களில் சன்னல் கேளுங்கள். இருக்கும் அறையில், சன்னலை மறைக்கும் அலமாரியை நகர்த்தி, உட்கூரைக்கு வெள்ளையடியுங்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டுக் கடைசி மூலையில் அமர்ந்து பாடநூலில் ஒரு பக்கம் வாசித்துப் பாருங்கள்.